1070: அதிராஜேந்திரனைக் கொன்றது யார் என்பதுதான் கேள்வியா?

1. அரிசிலாற்றங்கரை

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே, பக்கத்து இலைக்காரப் பெரியவர் சொன்னார்: "குலோத்துங்கன் சொந்த மச்சானைக் கொன்னுட்டுத்தானே தம்பி பட்டத்துக்கு வந்தான்." மோர் வரும்வரை வாதாடினேன். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். மிச்சத்தை இந்த இணைய மன்ற இழையில் வைத்துக்கொள்ளலாம்.

மச்சான் என்று அவர் சொன்னது சரிதான். சோழ அரசன் முதலாம் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன், மகள் அம்மங்கைதேவி. வீரராஜேந்திரன் மகன் அதிராஜேந்திரன். அம்மங்கையை ஆந்திரக் கரையில் இருந்த கீழைச் சாளுக்கியரின் வேங்கி நாட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் மகன்தான் பின்னாளில் குலோத்துங்கன். ஆக ஒருவன் மாமன் மகன், மற்றவன் அத்தை மகன். இவர்களோடு இன்னொரு மச்சானும் உண்டு, அவனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கன்னட நாட்டை ஆண்ட கல்யாணிச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன், அதிராஜேந்திரனின் சகோதரியைக் கட்டியவன். 1070-ஐ இரண்டு மச்சான்களின் சண்டை என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

நடந்தது இவ்வளவு. 1063-இல் பட்டமேறிய வீரராஜேந்திரன் 1070-இன் தொடக்கத்தில் இறந்தான். மகன் அதிராஜேந்திரன் தனியாக ஆண்டது ஒருசில வாரங்கள், மிஞ்சிப்போனால் ஒருசில மாதம். பிறகு அவன் இல்லை. ஜூன் 9-ஐத் தொடக்கமாக வைத்து அத்தை மகனின் ஆட்சியாண்டு ஓட ஆரம்பிக்கிறது, ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடுகிறது. அதே 1070-இல் இலங்கையின் பொலன்னறுவை சோழர் கையை விட்டுப் போனது.

இங்கிலாந்தில் 1066 என்றால், நார்மண்டி வில்லியம் நாட்டைப் பிடித்த வருஷம் என்று பள்ளிப் பையன் தூக்கத்திலும் சொல்வான். நமக்கு 1070 என்றால் ஒரு கொலைக் கதை மட்டும்தான் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்தக் கொலையைவிட, அந்தச் சில மாதங்களில் எது உடைந்தது, எது ஒட்டவைக்கப்பட்டது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. அடிக்க வருபவர்கள் வரலாம்.

2. பந்திக்கு முந்து

என்ன கல்யாணம், எந்த ஊர், பாயசம் பருப்பா சேமியாவா என்ற முக்கியத் தகவல்களை விட்டுவிட்டு மச்சான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சரி, படிக்கிறேன். ஓரமாக உட்கார இடம் போட்டாச்சு.

3. கல்லெழுத்து

நல்ல தொடக்கம். ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

திருத்தம்: அதிராஜேந்திரன் சில வாரம் ஆண்டான் என்றாலும் அவன் கல்வெட்டுகளில் மூன்றாம் ஆட்சியாண்டு வருகிறது. படிப்பவர்கள் குழம்புவார்கள். அப்பன் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, அன்றிலிருந்தே ஆண்டு எண்ணுவது சோழர் வழக்கம். அப்படிப் பார்த்தால் 1067-68 வாக்கில் அவன் கணக்கு ஆரம்பித்திருக்க வேண்டும். திடீரென்று தூக்கி வைக்கப்பட்ட பையன் இல்லை அவன். முறைப்படி தயாரிக்கப்பட்ட வாரிசு.

சேர்க்கை: சோழர்கள் பட்டப்பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள், ஒருவன் ராஜகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி. வீரராஜேந்திரன் ராஜகேசரி. அதிராஜேந்திரன் பரகேசரி. குலோத்துங்கன் மறுபடி ராஜகேசரி. மச்சானை வரிசையிலிருந்தே அழித்துவிட நினைத்திருந்தால் வீரராஜேந்திரனுக்கு நேரடி அடுத்தவனாகத் தன்னைப் பரகேசரி என்று போட்டுக்கொண்டிருப்பான். போடவில்லை. நடுவில் ஒருவன் இருந்தான் என்பதை அவன் பட்டமே ஒத்துக்கொள்கிறது.

அப்புறம் கும்பகோணம் பக்கம் கூகூரில் அதிராஜேந்திரனின் மூன்றாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரசன் நோய் நீங்க வேண்டும் என்று சாமி முன்னால் தினம் இருவேளை திருப்பதியம் பாட ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. கொலை என்று அடித்துச் சொல்பவர்கள் இந்தக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும்.

4. ஒற்றன்

வந்துவிட்டேன், நான்தான் அந்தப் பந்திப் பெரியவர் கட்சி.

நோய் இருந்தது என்பதால் கொலை நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? நோயாளியைக் கொல்வது சுலபம். யாருக்கு லாபம் என்று பாருங்கள். வேங்கி அரியணை குலோத்துங்கனுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அப்பா ராஜராஜ நரேந்திரன் 1061-இல் இறந்தபின் சித்தப்பன் விஜயாதித்தன் அங்கே உட்கார்ந்துகொண்டான். மாமன் வீரராஜேந்திரன் பெரும் படையோடு விஜயவாடா வரை போய் வேங்கியை மீட்டு, யாரிடம் கொடுத்தான்? அந்தச் சித்தப்பனிடமே! தங்கை மகனிடம் இல்லை. (தங்கையா அக்காவா என்று கல்லெழுத்து ஐயா கேட்பார், விட்டுவிடுங்கள்.) உள்ளுக்குள் எவ்வளவு எரிந்திருக்கும்?

அடுத்து கலிங்கத்துப்பரணி. செயங்கொண்டார் குலோத்துங்கனின் அவைப் புலவர். அதிராஜேந்திரன் பெயரையே அவர் எடுக்கவில்லை. அரசன் இறந்தான், நாடு சீர்குலைந்தது, வேள்வி நின்றது, மனுநெறி மாறியது, கோயில்களில் பூசை போனது, அப்போது வடக்கே இருந்த அபயன் (குலோத்துங்கன்தான்) வந்து காப்பாற்றினான் என்று போகிறது பாட்டு. நடுவில் ஓர் அரசனையே காணோம். மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் மறைக்க வேண்டும்?

மூன்றாவது பில்ஹணர். அவர் வாயாலேயே கேட்போம்.

5. அரிசிலாற்றங்கரை

கேட்போம், ஆனால் முழுசாகக் கேட்போம்.

பில்ஹணர் காஷ்மீரத்துக்காரர், விக்கிரமாதித்தன் அவைக்கு வந்து அவனைப் புகழ்ந்து வடமொழியில் காவியம் எழுதியவர். அவர் சொல்வது: மாமனார் இறந்த செய்தி துங்கபத்திரைக் கரையில் இருந்த விக்கிரமாதித்தனுக்கு வருகிறது. சோழ நாட்டில் குழப்பம் என்று அறிந்து காஞ்சிக்குப் போகிறான், அங்கே கலகக்காரர்களை அடக்குகிறான். பிறகு கங்கைகொண்ட சோழபுரம் போய் மச்சானை அரியணையில் அமர்த்திவிட்டு ஊர் திரும்புகிறான். திரும்பிய சில நாளிலேயே மச்சான் கலகத்தில் மாண்டான், வேங்கிக்காரன் ராஜிகன் அரியணையைப் பிடித்துக்கொண்டான் என்று தகவல் வருகிறது.

ராஜிகன் குலோத்துங்கன்தான். கொன்றவன் அவன் என்று பில்ஹணர் சொல்லவில்லை, கவனியுங்கள். அவர் போடும் சொல் 'பிரகிருதி'களின் எதிர்ப்பு. பிரகிருதி என்றால் குடிமக்கள் என்றும் கொள்ளலாம், அமைச்சர், அதிகாரி, படைத்தலைவர் என்ற அரசின் உறுப்புகள் என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் உள்ளூர் ஆட்கள். ராஜிகன் விக்கிரமாதித்தனின் பரம எதிரி, பில்ஹணருக்கு அவனைக் கொலைகாரன் என்று எழுதக் கசந்திருக்காது. அந்த ஒரு வரியை அவர் எழுதாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

இன்னொன்று. அதே காவியத்தில் விக்கிரமாதித்தன் காஞ்சியில் கலகத்தை அடக்கியது முதலில் வருகிறது. அதாவது மாமனார் கண்மூடிய உடனேயே சோழ நாடு கொதிக்கத் தொடங்கிவிட்டது. பட்டத்து இளவரசனைப் பட்டத்தில் வைக்க அண்டை நாட்டு மருமகன் படையோடு வர வேண்டியிருந்தது. அதுவும் எந்த மருமகன்? தலைமுறை தலைமுறையாகச் சோழரோடு மோதிய வம்சத்துப் பிள்ளை. அந்தப் படை நிழலில் அரியணை ஏறிய பையனைத் தஞ்சை, பழையாறைப் பக்கத்துத் தலைக்கட்டுகள் எப்படிப் பார்த்திருக்கும்? நான் அங்கேதான் விடை தேடுவேன்.

6. ஒற்றன்

வக்கீல் வாதம். சரி, வேறு வழியாக வருகிறேன். ஸ்ரீரங்கத்துக் கதை தெரியுமல்லவா? ராமானுஜரைத் துரத்திய சோழன், கழுத்தில் புழு வைத்துச் செத்தான், கிருமிகண்டன் என்று பெயர். அது அதிராஜேந்திரன்தான், வைணவர்கள் கலகம் செய்து கொன்றார்கள் என்று ஒரு கட்சி எழுதியிருக்கிறதே. நோய், கலகம், திடீர்ச் சாவு எல்லாம் பொருந்துகிறது.

7. கல்லெழுத்து

பொருந்துவது போலத் தோன்றும், காலம் இடிக்கும். அந்தக் கதையில் ராமானுஜர் சோழ நாட்டை விட்டு மேலே போய் போசள அரசன் விஷ்ணுவர்த்தனனைச் சந்திக்கிறார். விஷ்ணுவர்த்தனன் பட்டமேறியது 1108 வாக்கில். 1070-இல் செத்தவன் முப்பத்தெட்டு வருஷம் கழித்து யாரைத் துரத்துவான்? கிருமிகண்டன் யார் என்பது தனிச் சண்டை. முதலாம் குலோத்துங்கன் என்பவர்களும் உண்டு, தில்லையில் கோவிந்தராஜரை எடுத்த இரண்டாம் குலோத்துங்கன் என்பவர்களும் உண்டு. இந்த இழைக்குள் அதைக் கொண்டுவந்தால் இரண்டு நாளில் நிர்வாகிகள் பூட்டுப் போட்டுவிடுவார்கள். வேண்டாம்.

பரணியின் மௌனத்தைப் பற்றி ஒன்று. பரணி வரலாறு எழுத வந்த நூல் இல்லை, காளிக்குப் பேய் கூழ் காய்ச்சும் பாட்டு. மூன்று மாத அரசனை அதில் தேடுவது ஆனை வாங்கப் போன இடத்தில் அங்குசத்தின் விலைப்பட்டியல் கேட்கிற மாதிரி.

8. பந்திக்கு முந்து

அங்குச விலை யாருக்காவது தெரிந்தால் தனி இழை தொடங்கவும்.

9. கோணமலைப் பக்கம்

வணக்கம். நான் திருகோணமலை. நீங்கள் எல்லோரும் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே நிற்கிறீர்கள், கடலுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று ஒருத்தரும் கதைக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பொலன்னறுவையைச் சோழர் ஜனநாதமங்கலம் என்று கூப்பிட்டார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் ஊரின் பழைய பெயர் புலநரி என்று வரும். 993-இல் ராஜராஜன் காலத்தில் வந்த சோழர், 1017-இல் ஐந்தாம் மகிந்தனையே பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் 1029-இல் சிறையிலேயே செத்தான். தெற்கே உறுகுணையில் கிளர்ச்சி மட்டும் ஓயவே இல்லை. அங்கேயிருந்து 1055-இல் கித்தி என்ற இளைஞன் விஜயபாகு என்ற பெயரோடு எழும்பினான். 1067 வாக்கில் ஒருதரம் முயன்றான், வீரராஜேந்திரனின் படை அடித்துத் துரத்தியது. வீரராஜேந்திரன் கல்வெட்டே அதைப் பெருமையாகச் சொல்லுது. மூன்று வருஷம் பொறுத்திருந்து 1070-இல் திரும்ப வந்தான். இந்தமுறை கடலுக்கு அப்பாலிருந்து உதவிப்படை வரவில்லை. யார் அனுப்புவது? அங்கே அரசன் யார் என்றே அந்த நேரம் முடிவாகவில்லை. கிழக்குக் கரை, மேற்குக் கரை, மகியங்கனை வழி என்று மூன்று பக்கத்தாலும் படை நடத்தி ஊரைப் பிடித்தான். 77 வருஷச் சோழ ஆட்சி முடிந்தது.

இனி நான் இதை எழுத வந்த காரணம். பொலன்னறுவையில் இரண்டாம் சிவதேவாலயம் என்று ஒன்று இருக்கு. முழுக்கக் கல்லாலேயே கட்டியது, சின்னது, எங்கள் வீட்டு முன்விறாந்தையை விடக் கொஞ்சம் பெரிசு. மேலே குந்தியிருக்கிற மாதிரிக் குட்டையான உருண்டைச் சிகரம். வெளியில் மூக்கு உடைந்த நந்திகள். கல்வெட்டில் அதன் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். அங்கே இருக்கிற தமிழ்க் கல்வெட்டு அதிராஜேந்திரனுடையது!

ஹபரணை வழியாகப் பேருந்தில் போனால் காலையில் வெளிக்கிட்டு மத்தியானத்துக்கு முன் சேரலாம். போன வருஷம் அண்ணன் பிள்ளைகளோடு போனேன். சுற்றுலா ஆக்கள் எல்லோரும் பெரிய தாதுகோபத்துக்குப் போய்விட்டார்கள், இந்தக் கோயிலில் நாங்களும் ஒரு நாயும் மட்டும். சுவரில் கை வைத்தால் மத்தியான வெயிலில் தோசைக்கல்லுப் போலச் சுட்டது. பெறாமகள் பத்து வயது, "சித்தப்பா, இது தமிழோ?" என்று கேட்டாள். எழுத்தில் 'வ' மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. யோசித்துப் பாருங்கோ, சில மாதம் ஆண்ட ஒரு பையன், கும்பகோணத்தில் அவனுக்கு நோய் தீரப் பதிகம் பாடுகிறார்கள், கடல் தாண்டி இங்கே அவன் ஆட்சியாண்டு போட்டுக் கல்லில் வெட்டுகிறார்கள். வெட்டின கொஞ்சக் காலத்தில் அவனும் இல்லை, ஊரும் இல்லை.

10. அரிசிலாற்றங்கரை

அண்ணே, இதற்குத்தான் இழை தொடங்கினேன். கொலைக் கதையில் பொலன்னறுவை வரவே வராது.

குலோத்துங்கனின் மெய்க்கீர்த்திகளில் (கல்வெட்டுத் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்ப் பாட்டு) பாண்டியர் ஐவர், கோட்டாறு, விழிஞம், சாலை எல்லாம் வருகின்றன. தெற்கே மண்ணைத் திரும்பப் பிடித்ததை விலாவாரியாகச் சொல்பவன், ஈழ வெற்றியைச் சொல்லவில்லை. பட்டமேறியபோதே அதைக் கைகழுவிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று தலைமுறை ரத்தம் சிந்திய இடத்தை இவன் விட்டுவிட்டான், அதற்காகத் தூக்கம் கெட்டதாகவும் தெரியவில்லை.

11. புதுவரவு

முதுகலை முதலாமாண்டு மாணவி. ஒரு சின்னச் சந்தேகம், சிரிக்காதீர்கள். 1070-இல் சாலிவாகன சக ஆண்டுகூடச் சோழர் கல்வெட்டில் அதிகம் வராதே. அப்படியிருக்க ஜூன் 9 என்று தேதி வரை எப்படிச் சொல்கிறார்கள்?

12. கல்லெழுத்து

யாரம்மா சிரிப்பார்கள், இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

ஒரு கல்வெட்டில் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்: இத்தனையாவது யாண்டு, கும்ப ஞாயிறு, பூர்வபட்சம், இன்ன திதி, வியாழக்கிழமை, இன்ன நட்சத்திரம். மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் நான்கும் ஒரே நாளில் கூடி வருவது எல்லா வருஷமும் நடக்காது. பஞ்சாங்கக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் பொருந்துகிற நாள் ஒன்றுதான் மிஞ்சும். அந்த நாள் அவனது, சொல்லுவோம், ஏழாம் ஆண்டுக்குள் விழுகிறது என்றால், பட்டமேறிய நாள் இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே என்று ஒரு வருஷ அகலத்துக்கு ஒரு சன்னல் கிடைக்கும். அடுத்த கல்வெட்டுக்கு வேறு சன்னல். இரண்டும் மேலே மேலே விழுகிற பகுதிதான் விடை. கல்வெட்டு கூடக் கூடச் சன்னல் ஒடுங்கும். ஒரே மாதத்தில் சில நாள் இடைவெளியில் ஒன்று ஐந்தாம் ஆண்டு, அடுத்தது ஆறாம் ஆண்டு என்று கிடைத்துவிட்டால் அது லாட்டரி.

கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த வேலையைத்தான் குலோத்துங்கனுக்குச் செய்தார். சில மாத அகலத்துக்குக் கொண்டுவந்தார், பிறகு ஜூன் 9 வரை ஒடுங்கியது. கணினி இல்லாமல், தாளும் பேனாவும் வைத்து. நானும் ஒருதரம் கையால் போட்டுப் பார்த்தேன். அதிக மாதம் (சில வருஷம் கூடுதலாக வரும் சந்திர மாதம்) ஒன்றை மறந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

13. கோதாவரிப் பாலம்

ராஜமுந்திரியில் பன்னிரண்டு வருஷமாக வேலை. இங்கேயிருந்து பார்த்தால் உங்கள் கதை தலைகீழாகத் தெரிகிறது.

இந்த ஊரில் குலோத்துங்கனின் அப்பா ராஜராஜ நரேந்திரன் என்றால் கோயில் மாதிரி. நன்னய்யா தெலுங்கில் மகாபாரதத்தைத் தொடங்கியது அவன் அவையில். அவனுடைய அம்மா குந்தவை, நம் பெரிய ராஜராஜனின் மகள். (வந்தியத்தேவனின் குந்தவை இவளுக்கு அத்தை, ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) அவன் மனைவி அம்மங்கை, ராஜேந்திரன் மகள். அவர்கள் மகன் குலோத்துங்கனுக்கு வாய்த்தவள் மதுராந்தகி, இரண்டாம் ராஜேந்திரன் மகள், சொந்த மாமன் பெண். மூன்று தலைமுறையாகப் பெண் எடுத்தது ஒரே வீட்டில். பங்கு போட்டால் குலோத்துங்கனுக்கு முக்கால் பங்கு சோழ ரத்தம். இவனைப் பிடித்துவைத்துச் 'சாளுக்கிய சோழன்' என்று நம் பாடநூல் ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறது.

ஆனால் அவனே இரண்டு பக்கமும் ஆடியவன்தான். தமிழ்ப் பக்கம் சூரிய வம்சம். கோதாவரிப் பக்கம் அவன் பிள்ளைகள் கொடுத்த செப்பேடுகளில் சந்திரனில் தொடங்கும் பழைய சாளுக்கிய வரிசை. ஊருக்கு ஊர் ரேஷன் கார்டு.

ஒற்றன் சொன்ன சித்தப்பன் கதையின் பாக்கி: பட்டமேறிய கையோடு குலோத்துங்கன் சித்தப்பனை விரட்டவில்லை. அவர் சாகும்வரை வேங்கியிலேயே விட்டுவைத்தான். அதற்கப்புறம்தான் மூத்தவர்களில் ஒருவனான ராஜராஜ மும்முடிச் சோழனை அனுப்பினான். பையன் ஒரே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்பா அம்மா காலடியில் இருக்கும் சுகத்துக்கு நாடாளும் சுகம் ஈடாகாது என்று காரணம் சொன்னதாகச் செல்லூர்ச் செப்பேடு சொல்கிறது. நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் ராஜினாமாக் கடிதத்தில் எழுத நினைத்ததும் அதேதான். அடுத்து வீரசோடனை அனுப்பினார்கள். அவன் தாக்குப்பிடித்தான்.

14. ஒற்றன்

முக்கால் பங்கோ முழுப் பங்கோ, ஆண்வழியில் வாரிசு இருக்கும்போது பெண்வழிப் பேரன் அரியணை ஏறுகிறான். அதிராஜேந்திரனுக்கு அடுத்து விஜயாலயன் வழியில் ஆண்பிள்ளை வேறு யாருமே இல்லையா? இரண்டாம் ராஜேந்திரன் பிள்ளைகள், ராஜாதிராஜன் பிள்ளைகள் எல்லாம் எங்கே போனார்கள்? ஒருவர் பேரும் காணோம். இதுதான் எனக்கு உறுத்துகிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள், நான் பந்தியை விட்டு எழுந்திருக்கிறேன்.

15. அரிசிலாற்றங்கரை

நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் குலோத்துங்கனின் சொந்த வாக்குமூலம் இருக்கிறது. இதை முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும்.

'புகழ்சூழ்ந்த புணரி' என்று தொடங்கும் அவன் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். இளங்கோப் பருவத்தில் சக்கரக்கோட்டத்தில் வென்றது (இன்றைய பஸ்தர் காடு), வயிராகரத்தில் யானை பிடித்தது எல்லாம் வரிசையாக வருகிறது. அந்த 'இளங்கோப் பருவம்' முக்கியம். 1070-க்கு முன் எங்கே இருந்தான் என்பதற்கு அவன் தரும் விலாசம் அது, வடக்கே காட்டில். வடதிசை வாகை சூடியபின் தெற்கே திரும்புகிறான். அங்கே வருகிற வரி:

"தென்றிசைத் தேமரு கமலப் பூமகள் பொதுமையும் பொன்னி ஆடை நன்னிலப் பாவை தனிமையும் தவிர்த்து"

தெற்கின் திருமகளுக்கு இருந்தது பொதுமை. காவிரியை ஆடையாக உடுத்த நிலமகளுக்கு இருந்தது தனிமை. இரண்டையும் நீக்கிவிட்டு, மணிமகுடத்தை 'உரிமையிற்' சூடினான் என்று போகிறது.

பொதுமை என்றால் பலருக்கும் பொது, அதாவது அரியணைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் கை நீட்டியிருக்கிறார்கள். தனிமை என்றால் கணவன் இல்லை, அதாவது அரசன் இல்லை. ஒற்றன், நீங்கள் கேட்ட மற்றப் பிள்ளைகள் அந்தப் 'பொதுமை'க்குள் இருந்திருக்கலாம். போட்டி இருந்தது என்று வென்றவனே எழுதிவைத்திருக்கிறான், பெயர் மட்டும் சொல்லவில்லை. அதோடு 'உரிமையில்' என்று ஒரு சொல்லைத் தேடிப் போடுகிறான். யாரும் கேள்வி கேட்காத இடத்தில் எவனும் உரிமை என்று வாய்திறக்க மாட்டான். பத்திரத்தில் 'எவ்வித வில்லங்கமும் இல்லை' என்று எழுதியிருந்தால் நம் ஊர்க்காரர் உடனே வில்லங்கச் சான்று எடுக்கப் போவார் இல்லையா, அது மாதிரி.

இதைப் படித்தபின் கொன்றது யார் என்ற கேள்வி எனக்குச் சின்னதாகிவிட்டது. நோயில் போனானோ, கலகக்காரன் வாளில் போனானோ, போனபோது நாட்டில் பல கைகள் நீண்டன. அதில் இரண்டு நாட்டுப் படையையும் நிலத்தையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடிய கை இவனுடையது மட்டும். வேங்கியில் அவன் சித்தப்பன், சோழ நாட்டில் அவன் மனைவியின் பிறந்த வீடு. மற்றவர்களால் விக்கிரமாதித்தனைத் தடுத்திருக்க முடியாது, இவன் தடுத்தான்.

16. கல்லெழுத்து

'தவிர்த்து' என்ற சொல்லைப் பாருங்கள். தனிமை தவிர்த்தவன் பின்னாளில் சுங்கமும் தவிர்த்தான். மனுஷனுக்குப் பிடித்த வினைச்சொல் போலிருக்கிறது.

ஒற்றனுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். குலோத்துங்கன் என்ற பெயரே முதல் நாளிலிருந்து இல்லை. முதல் நான்கு வருஷக் கல்வெட்டுகளில் அவன் ராஜகேசரி ராஜேந்திர சோழன், தாத்தா பெயர். ஐந்தாம் ஆண்டிலிருந்துதான் குலோத்துங்கன். புதிதாக வந்தவன் முதலில் தாத்தாவின் பெயரைச் சொல்லி வீட்டுக்குள் நுழைகிறான். காலூன்றியபின் குலத்தை உயர்த்துபவன் என்று சொந்தப் பெயர் வைத்துக்கொள்கிறான்.

17. ஒற்றன்

பொதுமை, தனிமை வரி அருமை. இவ்வளவு நாள் படித்தும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கலகத்துக்கு வெளியிலிருந்து காசு போயிருக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் விடமாட்டேன். சக்கரக்கோட்டத்துக் காட்டில் இருந்தவனுக்கு அரியணை காலியான சில வாரத்தில் கங்கைகொண்ட சோழபுரம் வந்துசேர முடிந்தது எப்படி? கிளம்பித் தயாராக இருந்தவன்தான் அவ்வளவு சீக்கிரம் வருவான்.

18. கோதாவரிப் பாலம்

அது நல்ல அடி. மாமன் சாகக் கிடக்கும்போதே செய்தி போயிருக்கும், அரண்மனைக்குள் அவனுக்கு மாமியார் வீடே இருக்கிறது. சதி என்று சொல்லத் தேவையில்லை, உஷார் என்று சொல்லலாம்.

விளைவைப் பற்றி யாராவது எழுதுங்கள். அதன்பின் ஆட்சி நடந்த விதமே வேறு.

19. கோணமலைப் பக்கம்

இந்தப் பக்க விளைவை நான் சொல்லுகிறேன். விஜயபாகுவும் விக்கிரமாதித்தனும் நண்பர்கள் ஆனார்கள், சோழனுக்கு இரண்டு பக்கமும் எதிரி. விஜயபாகு கன்னட நாட்டுக்கு அனுப்பின தூதரைச் சோழ நாட்டில் மூக்கும் காதும் அறுத்து விட்டதாக இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூல் சூளவம்சம் சொல்லுது. அவன் கோபத்தில் படையைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தான். படையில் இருந்த வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் பெரும்பாலும் தமிழர். சோழன் மேல் போகமாட்டோம் என்று கலகம் செய்து அரண்மனையையே கொளுத்தினார்கள். அவனுடைய முப்பதாம் ஆட்சியாண்டு அது. கடுமையாக அடக்கினான். பிற்பாடு அதே வேளைக்காரர் புத்தரின் பல் இருக்கிற கோயிலைக் காப்போம் என்று தமிழில் கல்வெட்டுப் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல் பொலன்னறுவையில் அட்டதாகே என்ற பழைய கட்டிடத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் நிற்குது. சோழர் போனாலும் தமிழ் அங்கேயே சம்பளத்துக்கு இருந்தது.

20. அரிசிலாற்றங்கரை

இந்தக் கரையில் இரண்டு விஷயம்தான் எனக்கு முக்கியம்.

1077-இல் சீனாவுக்கு 72 பேர் கொண்ட சோழத் தூது போகிறது. கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம் என்று கொண்டுபோய், திரும்பும்போது 81,800 சரம் செப்புக் காசு கொண்டுவந்தார்கள். பெயர்தான் தூது, போனது யாவாரம். பட்டமேறி ஏழு வருஷத்தில், ஈழத்தை விட்ட கையால் இவன் செய்தது இது. சுங்கம் தவிர்த்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

1086-இல் நிலத்தை மறு அளவை செய்யச் சொன்னான், பதினாறாம் ஆட்சியாண்டு. அதே வருஷம் இங்கிலாந்தில் 1066-இல் வென்ற வில்லியமும் தன் நாட்டின் நிலத்தையும் மாட்டையும் எண்ணச் சொல்லிக் கணக்கெடுத்தான். ஒருவனுக்கு மற்றவன் இருப்பதே தெரியாது. வெளியிலிருந்து வந்து அரியணை ஏறியவன் இருபது வருஷத்துக்குள் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறான், இரண்டு இடத்திலும்.

21. புதுவரவு

கோணமலை அண்ணா, அடுத்தமுறை போனால் வானவன்மாதேவி ஈஸ்வரத்தில் ஆட்சியாண்டு இருக்கும் வரியை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட முடியுமா? ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்துவிட்டது.

22. கோணமலைப் பக்கம்

தைப்பொங்கல் விடுமுறைக்குப் போவம் தங்கச்சி. போன தரம் எடுத்த படங்கள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று வந்திருக்கு, ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

23. கல்லெழுத்து

உச்சி வெயிலில் எடுத்தால் அப்படித்தான் வரும். சாயங்காலம் நாலரைக்கு மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், வெட்டு நிழல் கட்டும். மேகமாக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க அண்ணன் மகளிடம் கொடுங்கள். சுண்ணாம்பு, மாவு எதையும் தடவிவிடாதீர்கள். யாண்டு எண் பெரும்பாலும் 'கோப்பரகேசரி' என்று தொடங்கும் அந்த வரிப்பக்கம்தான் இருக்கும், முதலில் 'கோ'வைத் தேடச் சொல்லுங்கள் அவளை.